உளுந்து மிதித்த கார்

எங்கள் வீட்டுக்காரரிடம் "சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், "இருபத்திரண்டு" என்று பதில் வரும். கேட்டவர் ஒன்றும் புரியாமல் விழிப்பார். நான்தான் பக்கத்திலிருந்து விளக்க வேண்டும்: "கார் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் குடுக்குதாம். அவரும் சௌக்கியம்தான்."

திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஆற்றோரமாக எங்கள் ஊர். மகளை மயிலாடுதுறையில் கட்டிக் கொடுத்து, கை கொஞ்சம் ஓய்ந்த பிறகு வாங்கிய சின்னக் கார். அரிசி களைந்த தண்ணீரின் நிறம். வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, "இனிமே எங்க வேணாலும் போவலாம்" என்றார். அந்த வாக்கியத்தை நான் அப்படியே நம்பினேன். அதற்குப் பிறகு அந்தக் காரில் நான் போன இடங்களை விட, அந்தக் கார் நிற்கிற கொட்டகையைக் கூட்டிப் பெருக்கியதுதான் அதிகம்.

எங்கள் பக்கம் தரை தோசைக்கல் மாதிரி மட்டம். மேடு என்று ஒன்று இருந்தால் அது வாய்க்கால் பாலம்தான். பாலத்தில் ஏறி உச்சிக்கு வந்ததும் இவர் இஞ்சினை அணைத்துவிடுவார். "சும்மா கெடைக்கிற எறக்கத்த ஏன் விடணும்?" என்பார். வண்டி உருண்டு, களைத்து, பாலத்தடியில் நிற்கப் போகும்போது மறுபடி சாவி. பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்துக்கொண்டே வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவான். "ஸ்டார்ட் பண்றதுக்குப் பெட்ரோல் வேணாமா?" என்று நான் கேட்டால், "போர்செட்டுல ஆயில் இஞ்சின் வச்சு தண்ணி எறச்சவன் நான். எனக்கு இஞ்சின் தெரியாதா?" என்பார். ஆயில் இஞ்சினுக்கும் இதற்கும் என்ன உறவோ, அந்த ஈசனுக்குத்தான் வெளிச்சம்.

ஏசி என்பது விருந்தாளிக்குக் காட்டுவதற்கு. ஒருமுறை போட்டு, காற்று வருகிறதா என்று அவர்கள் முகத்தைப் பார்த்து, அணைத்துவிடுவார். கண்ணாடியையும் முழுக்க இறக்கக் கூடாது, காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்குமாம். பாரம் ஏற்றக்கூடாது. ஒருமுறை மகளுக்கு ஒரு பலாப்பழம் எடுத்து வைத்தேன். அதைக் கையில் தூக்கிப் பார்த்தவர், தெரிந்த கண்டக்டரிடம் சொல்லிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நாங்கள் காரில் போனோம், பழம் பஸ்ஸில் வந்தது. பழம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.

பெட்ரோல் போடுவது தனிச் சடங்கு. எப்போதும் ஒரே பங்க், அதிலும் ஒரே பம்ப், காலைக் குளிர்ச்சியில்தான். வாய் வரைக்கும் நிரப்பிவிட்டு, இறங்கி வந்து வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவார். உள்ளே காற்று நின்றிருந்தால் வெளியே வந்து இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று கணக்கு. புளிச்ச மாவுப் பாத்திரத்தைத் தட்டுவது போல. கிலோமீட்டரையும் அங்கே நின்றுதான் பார்ப்பார். நடுவில் பார்த்தால் ராசி போய்விடுமாம். முழு டேங்குக்கும் முழு டேங்குக்கும் இடையில் ஓடின தூரத்தை வகுத்து, "இருபத்திரண்டு" என்று சொல்லும்போது முகத்தில் வருகிற வெளிச்சம், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை.

நம்பகமான வண்டி என்றும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்ல, தெரியுமா?" என்பார்.

"கொட்டகையிலயே நின்னா நடுரோட்டுல எப்படிங்க நிக்கும்?" என்பேன்.

ஆனால் ஒன்று. இந்த மனிதர் மைலேஜில் பொய் சொல்ல மாட்டார். மற்றதிலெல்லாம் தாராளமாகச் சொல்வார். விளைச்சலைக் கேட்டால் கண் பட்டுவிடும் என்று குறைத்துச் சொல்வார். சர்க்கரையைக் கேட்டால் டாக்டருக்குப் பயந்து குறைத்துச் சொல்வார். மைலேஜ் மட்டும் சத்தியம். மகளின் மாமனார், எங்கள் சம்பந்தி, அதே காரை அதே நிறத்தில் வாங்கி, "நமக்கு இருபத்தி நாலு குடுக்குது சம்பந்தி" என்று சொன்ன அன்று, இவர் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. "ரெண்டு கூட்டிச் சொல்றாரு. மனசறிஞ்சு சொல்றாரு. எப்படித்தான் வாய் வருதோ" என்று வருத்தப்பட்டார். ஏதோ சம்பந்தி வீட்டில் கொலை விழுந்த மாதிரி.

இந்த வண்டியை எனக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை. வாங்கிய நாளிலிருந்தே. கேட்டேன்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண" என்று பாதிப் பழமொழியில் நிறுத்தினார். கழுதை மேய்க்கிற மீதியைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

"ஏன், நான் கத்துக்கக் கூடாதா?"

"கத்துக்குறவங்க கால் கிளச்சுலயே கெடக்கும்டி. பெட்ரோல் தண்ணியா ஓடும். மைலேஜ் பன்னெண்டுக்கு வந்துடும். அதுவும் இல்லாம உனக்கு எதுக்கு? பொம்பளைங்களுக்குத்தான் பஸ்ஸுல டிக்கெட்டே கெடையாதே. பெட்ரோலே இல்லாம போயிட்டு வர்ற மைலேஜ் எந்தக் காரு குடுக்கும், சொல்லு?"

 சிரித்துவிட்டேன். அப்படியே பேச்சு போய்விட்டது.

மார்கழியில் ஒரு நாள் சிரிப்பும் போய்விட்டது. மகளுக்கு இரண்டாவது பிரசவம், மயிலாடுதுறையில் மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். நாள் இன்னும் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, காலையில் போன் வந்தது, வலி எடுத்துவிட்டது என்று. இவர் வயலுக்குப் போயிருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற நல்ல பழக்கம் அவருக்கு உண்டு. கார் கொட்டகையில் நின்றது, டேங்க் நிறையப் பெட்ரோலோடு. சாவி சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில். நான் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். திருக்காட்டுப்பள்ளியில் ஒன்று, திருவையாற்றில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று என்று மாறி மாறி நான் போய்ச் சேர்ந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் சம்பந்தியம்மா இருந்தார், நல்ல மனுஷி. மகள், "ஏம்மா, நீ வந்துடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. கார் மேல் எரிந்தது, அவர் மேல் எரிந்தது, சாவியை எடுக்கத் தெரியாத என் கையின் மேல் எல்லாவற்றையும் விட அதிகமாக எரிந்தது. இனி எந்தப் பிள்ளையும் எனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் ஓரகத்தி, அவர் தம்பி பெண்டாட்டி, அடுத்த வீடு. கொழுந்தனார் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இவள் எப்போதோ டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கி, ஓட்டக் கார் இல்லாமல் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். தை மாதம் அவளும் நானும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் போனோம். அவள் படித்த ஸ்கூலிலேயே என்னைச் சேர்த்துவிட்டாள். ஓசி பஸ்ஸில் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எல்.எல்.ஆர். வந்தது. ஆனால் ஓட்ட வரவில்லை. சொல்லிக் கொடுக்கிறவர் பக்கம் இன்னொரு கிளச்சும் பிரேக்கும் இருந்தன. வண்டியை அவர் ஓட்டினார், நான் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் உளுந்து வந்தது. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்துவிடுகிற உளுந்து. பிடுங்கிக் காயவைத்து, ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து நெற்று உடைந்துவிடும். சாயங்காலம் கொடியை உதறிவிட்டு, கூட்டி அள்ளித் தூற்ற வேண்டியதுதான். ரோட்டில் பரப்பக் கூடாது என்று சொல்வார்கள். சொல்வார்கள்தான். ஆனால் அந்த வருஷம் வேறு சங்கடம். புதுப் பாலம் வந்து, பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டு முன்னால் இருக்கிற ரோடு ஈ ஆடாமல் கிடந்தது. காலையில் பரப்பின உளுந்து, பரப்பினபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டிராக்டர் கூப்பிடுகிற அளவுக்கு உளுந்து இல்லை. கம்பால் அடிக்கிற அளவுக்கு எங்கள் தோளில் தெம்பு இல்லை.

ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "அக்கா, வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோம்."

வீட்டுக்காரர் அப்போது தினமும் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தூர் வாருகிற வேலை நடந்தது. மண்ணை ஒழுங்காக வெட்டுகிறார்களா, கரையைச் சுரண்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க, குடையும் மோர்ப் பாட்டிலுமாகக் காலையிலேயே சைக்கிளில் கிளம்பிவிடுவார். மிஷின் மண் அள்ளுகிறது, அரசாங்கத்து ஆள் அளக்கிறார், இவருக்கு என்ன வேலை? எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று நான் கேட்டதுண்டு. அந்தப் பங்குனியில் மட்டும் கேட்கவில்லை. மோரில் கூடவே கொஞ்சம் பெருங்காயம் போட்டு அனுப்பி வைத்தேன்.

உளுந்து மாதிரி பொறுமையான வாத்தியார் கிடையாது. ரோட்டில் ஆள் இல்லை, வண்டி இல்லை. கீழே மெத்தை மாதிரி கொடி. கிளச்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றால், துள்ளின இடத்தில் நாலு நெற்று உடையும், அவ்வளவுதான். நஷ்டமில்லை. பரப்பின நீளத்துக்கு முன்னால் போக வேண்டும், அப்படியே பின்னால் வர வேண்டும். டயர் ஒரே தடத்தில் போனால் ஓரகத்தி கத்துவாள்: "அக்கா, வலப்பக்கம் மிதிபடவே இல்ல, ஒரு சாண் தள்ளி வாங்க!" ஒரு சாண் தள்ளிப் போவேன். ஊரில் எல்லோரும் ரிவர்ஸுக்குத்தான் பயப்படுவார்கள். நான் நேராகப் போகக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே ரிவர்ஸில் கெட்டிக்காரியாகிவிட்டேன். பட், பட் என்று நெற்று உடைகிற சத்தம் கேட்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. இந்த வயதில் ஒன்று புதிதாக வருகிறதே என்று இருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் வண்டியைக் கொட்டகையில் விட்டு, சாவியை விபூதித் தட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அவர் மத்தியானம் வந்து வண்டியை ஒரு தடவு தடவுவார். "அடேயப்பா, என்னா வெயிலு! நிழல்ல நிக்கிற வண்டியே இப்படிக் கொதிக்குதே" என்று நனைந்த சாக்கை எடுத்து அதன் முகத்தில் போர்த்துவார். நாங்கள் இரண்டு பேரும் முற்றத்துப் பக்கம் ஓடிப்போய்ச் சிரிப்போம்.

அந்த வாரம் பெட்ரோல் போடப் போனவர், ஆள் அரை ஆளாகத் திரும்பி வந்தார். "பதினேழு" என்றார். அடுத்த முறை பதினாலு. வீட்டில் துக்கம் விழுந்தது. டயரில் காற்றைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோலில் இப்போது என்னவோ கலக்கிறார்களாம் என்று அரை நாள் அரசாங்கத்தைத் திட்டினார். அப்புறம் எலி மேல் சந்தேகம் வந்தது. அறுப்பு முடிந்து வயல் எலியெல்லாம் வீடு தேடி வருகிற சமயம், ஒயரைக் கடித்திருக்கும் என்று கொட்டகையில் பொறி வைத்தார். பொறிக்கு வடை கேட்டார். புது உளுந்து வந்திருந்தது. அரைத்துச் சுட்டுக் கொடுத்தேன். "வடை நல்லாருக்கே" என்று பொறிக்கு ஒன்று வைத்துவிட்டு மூன்று தின்றார்.

சம்பந்தி போன் பண்ணினார். வழக்கம் போல, "நமக்கு இருபத்தி நாலு. உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். போனில்தானே? "பதினாலு சம்பந்தி" என்றார் இவர். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொட்டகையைப் பார்த்து நின்றார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உளுந்து இன்னும் பாதி பாக்கி இருந்தது.

கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது, துண்டை மூட்டையாகக் கட்டிக் கையில் வைத்திருந்தார். ஓரகத்தியும் நானும் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தோம். துண்டை எங்கள் நடுவில் அவிழ்த்தார். சுருட்டிச் சுருட்டி, எண்ணெய்க் கறையோடு, ஒரு குருவிக் கூடு அளவுக்கு உளுந்தங்கொடி.

"வண்டிக்கடியில வெளஞ்சிருக்கு" என்றார்.

ஓரகத்தி எழுந்தாள். "அக்கா, அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேன்." அவள் வீட்டில் மாடும் இல்லை, அந்த நேரத்தில் பாலும் இல்லை. போயே போய்விட்டாள்.

"அச்சுல சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. சூட்டுல தீப்புடிச்சிருந்தா என்னாவறது? யாரு ஓட்டினது?"

"நான்தான்."

என் முகத்தையே பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன்.

"எந்த கியர்ல?" என்றார்.

"முன்னால போனா ஒண்ணுல. பின்னால வந்தா ரிவர்ஸ்ல."

"ரெண்டாவது போடவே இல்லியா?"

"எங்கங்க போடறது? அதுக்குள்ள உளுந்து முடிஞ்சிடுதே."

இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பூரா ஒண்ணாவது கியரு... கடவுளே" என்று முனகினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமாங்க, ஒண்ணாவது கியருதான். மார்கழியில உங்க பேரன் பொறந்த அன்னிக்கு உங்க காரு கொட்டகையில நின்னுச்சு, நான் பஸ் ஸ்டாப்புல நின்னேன். எம்பொண்ணு வாசலப் பாத்துக்கிட்டே பெத்தா. இருபத்திரண்டு குடுக்குற வண்டி அன்னிக்கு எனக்கு என்னங்க குடுத்துச்சு? ஒரு கிலோமீட்டர் குடுத்துச்சா?"

அவர் கொடியை மறுபடி துண்டில் கட்டினார், ஏன் கட்டினாரோ. மறுநாள் பார்த்தால் சாமி அலமாரியில் சாவி இல்லை. அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். குளிக்கும்போதுகூட இடுப்பில் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

போகட்டும் என்று விடவில்லை நான். டிரைவிங் ஸ்கூல் காரிலேயே டெஸ்டுக்குப் போனேன். பார்த்த அதிகாரி, "ரிவர்ஸ் எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "வீட்டு வாசல்லதாங்க" என்றேன். லைசென்ஸ் தபாலில் வந்தது. அதை எடுத்து, சாவி இருந்த இடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் காலையில் விபூதி எடுக்கும்போது பார்த்தார். நெற்றிக்கு இட்டுக்கொண்டு போய்விட்டார். சாவி இடுப்பிலேயே இருந்தது.

வைகாசியில் அவருக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணச் சாந்தி. சொந்தபந்தமெல்லாம் வேனில் முதல் நாளே போய்விட்டார்கள். ஓரகத்தி வேனில் ஏறும்போது, "கெடக்கறது கெடக்கட்டும், கெழவியத் தூக்கி மணையில வையின்னு உங்களுக்குத்தான் சொல்லி வச்சாங்க அக்கா" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் விடியற்காலையில் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. வாய் வரைக்கும் நிரப்பின டேங்க், பாரம் இல்லாமல் நெடுந்தூரம், நல்ல ரோடு. இருபத்திமூன்று வந்தாலும் வரும் என்று அவருக்கு உள்ளூர ஒரு கனவு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். முதல் நாள் சாயங்காலம், தூர் வாரின வாய்க்காலைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், புதுக் கரையில் சறுக்கி இடது காலைப் பிசகிக்கொண்டு வந்தார். கணுக்கால் பூசணிப் பிஞ்சாக வீங்கிவிட்டது. கிளச்சை மிதிக்கிற கால். ஆக்டிங் டிரைவர் ஒருவனுக்குச் சொல்லி வைத்தார். வைகாசி முகூர்த்த நாள். விடியற்காலையில் போன் பண்ணினால் சுவிட்ச் ஆஃப். இன்னொருவனுக்குப் பண்ணினார், அவன் ஏற்கெனவே யாரோ மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் இருந்தான்.

நான் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதில்லை என்று வைராக்கியம். அவர் வானத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் கையை வைத்தார். அரைஞாணில் போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை.

"அரிவாமணைய எடுத்தாரட்டுமா?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்" என்று முறைத்துக்கொண்டே அவிழ்த்து, சாவியை என் கையில் வைத்தார். "ரெண்டாவது கியரு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேலயும் இருக்கு. ஞாபகம் வச்சுக்க."

 ஊரைத் தாண்டுகிற வரை அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை நல்ல காலால் மிதித்துக்கொண்டே வந்தார். முதல் பாலத்தின் உச்சியில், "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்றார். "பிரேக்கு கெட்டியாயிடும், ஸ்டியரிங்கு கெட்டியாயிடும், பேசாம வாங்க" என்றேன். "எறக்கம் போச்சே" என்று திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது பாலத்துக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். கும்பகோணத்து நெரிசலில் இரண்டு முறை வண்டி நின்றது. ஒரு லாரி என் காதுக்குப் பக்கத்தில் அலறியது. அப்போது அவர் கண்ணாடியை இறக்கி, அந்த லாரிக்காரனைப் பார்த்து, "இருய்யா! ஓட்டறாங்கல்ல!" என்று கத்தினார். வேர்த்து ஊற்றியது எனக்கு. ஏசியைப் போட்டேன். அவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

திருக்கடையூர் எட்டிப் பார்க்கிற தூரத்தில், "அந்தப் பங்க்குல நிறுத்து" என்றார்.

"முகூர்த்தத்துக்கு நேரமாவுதுங்க!"

"நிறுத்துங்கறேன்ல."

பட்டு வேட்டியோடு நொண்டிக்கொண்டே இறங்கி, வாய் வரைக்கும் நிரப்பச் சொல்லி, வண்டியைப் பிடித்துக் குலுக்கினார். பங்க் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கிலோமீட்டரைப் பார்த்து, போனில் வகுத்து, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பதினஞ்சு" என்றார். அவ்வளவுதான்.  சாவி மறுபடி இடுப்புக்குத்தான் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சம்பந்தி வேறு உள்ளே காத்திருந்தார். இத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் கேட்பார், இவர் மைலேஜில் பொய் சொல்லத் தெரியாத அரிச்சந்திரன், 'பதினஞ்சு' என்று சொல்வார், அதற்கு மேல் இந்த ஜன்மத்தில் நான் அந்தக் காரைத் தொட்ட மாதிரிதான்.

அப்படியே நடந்தது. பாதிவரைக்கும். எங்களை மணையில் உட்கார வைத்து, பந்துக்கள் ஒவ்வொருவராகக் கலச நீரை ஊற்றினார்கள். மகள் கைக்குழந்தையோடு எதிரே நின்றாள். நான் வண்டி ஓட்டி வந்த செய்தி எனக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது போலிருக்கிறது, எல்லோர் கண்ணும் என் மேல்தான். சம்பந்தி முறை வந்தது. குடத்தை எங்கள் தலைக்கு மேல் தூக்கினவர், ஊற்றாமல் நிறுத்தினார்.

"சம்பந்தி, சம்பந்தியம்மாதான் ஓட்டிக்கிட்டு வந்தாங்களாமே! எவ்வளவு குடுத்துச்சு?"

ஜனம் சிரித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருபத்தஞ்சு" என்றது என் பக்கத்துக் குரல்.

கண்ணைத் திறந்தேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நெற்றியில் விபூதி கரைந்து ஓட, அவர் நேராகச் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தஞ்சு சம்பந்தி. எனக்குத்தான் இருபத்திரண்டு. அவ ஓட்டினா இருபத்தஞ்சு."

சம்பந்தி குடத்தை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டார். மூச்சு முட்டியது. அதில் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. மகளுக்கு மட்டும் தெரிந்திருக்கும், அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துச் சிரித்தாள்.

மாலையும் கழுத்துமாகச் சாயங்காலம் கிளம்பினோம். அவர் சாவியை நீட்டவில்லை. அது காலையிலிருந்து என்னிடமேதான் இருந்தது, கேட்கவும் இல்லை. வண்டி தெருவைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"சாமி சன்னதியில, தாலி கட்டப் போற நேரத்துல, பத்தைக் கூட்டிச் சொல்லிட்டீங்களே. சம்பந்தி ரெண்டு கூட்டினதுக்கு சோறு எறங்காத ஆளாச்சே நீங்க."

வீங்கின காலை மெல்ல நீட்டி வைத்துக்கொண்டார். வெளியே நாற்றங்காலைப் பார்த்தார்.

"அந்தாளு வண்டியவா கேட்டாரு? உன்னயில்ல கேட்டாரு" என்றார். "உன்னய நான் எப்படிடி கொறச்சுச் சொல்றது?"

எனக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசியை இரண்டில் வைத்தேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டார்.